இதழினி தட்டிய பக்கம்

"யாரும் கை வச்சுக் கெடுக்க முடியாத இடமா ஒண்ணு சொல்லு, குருவே. நம்ம இணையதளத்தைக் கொண்டுபோய் அங்கே வச்சிடறேன்."

அரவாழி இதைக் கேட்டபோது, குரு தன் மகளுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

உமையாளுக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. தளத்தின் தன்னார்வலர்கள் கேலிக்குத்தான் அவளை குரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

"என்னண்ணே ஆச்சு?"

"நம்ம தன்னார்வலர் ஜெசிந்தா ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினா. நான் எப்பவோ அனுப்பின பழைய பக்கத்துல திருத்தி, அதையே மேலே ஏத்திட்டா. பதிவிறக்கப் பொத்தானையே காணோம்!"

அந்தத் தளத்தில் கிடைப்பது, பார்வையில்லாப் பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பொத்தான் இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை.

"எல்லார் கிட்டேயிருந்தும் தளத்துக்குள்ள நுழையற சாவியைப் பிடுங்கிட்டேன். இனிமே நான் மட்டும்தான்."

"சரி. தளத்தோட மூலக் கோப்பு எங்கே இருக்கு?"

அரவாழி பெருமையாகத் தன் மடிக்கணினியைத் திறந்தார். வரிசையாக நான்கு கோப்புறைகள்.

'கடைசி'. 'கடைசி புதுசு'. 'இதுதான் கடைசி'. 'சத்தியமா இதுதான் கடைசி'.

"இதுல எதுண்ணே இப்ப ஓடுது?"

"சத்தியமா... இதுதான்னு நெனைக்கிறேன்."

உமையாள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள்.

"அதை விடும்மா. நல்ல பூட்டுள்ள இடமாச் சொல்லு."

அவள் எழுந்தாள். தன் மடிக்கணினியில் தன் தளத்தைத் திறந்தாள். ஊரெல்லாம் அந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டிருக்கும் தளம். அதன் முகப்புப் பக்கத்தை எடுத்து வைத்து, சோற்றுக் கையோடு இருந்த மகள் இதழினியைத் தூக்கி எதிரே உட்கார வைத்தாள்.

"தட்டுடி தங்கம்."

இதழினி இரண்டு கையாலும் விசைப்பலகையைத் தட்டினாள்.

"ஐயோ, பிள்ளையைப் பிடிம்மா!"

"இருங்கண்ணே. அவ இன்னும் முடிக்கல."

பிள்ளை அலுத்துப்போனதும் உமையாள் அதை அப்படியே தளத்தில் ஏற்றினாள். அரவாழி தன் கைபேசியில் பார்த்தார். முகப்பு முழுக்கக் கன்னாபின்னா எழுத்துகள்.

உமையாள் ஒரே ஒரு வரி தட்டினாள்.

"இப்பப் பாருங்க."

பழைய முகப்பு, ஒரு புள்ளி குறையாமல்.

யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் அவள் கணினியில் இருந்த 'கிட்' என்ற மென்பொருள் வரிசையாக நினைவில் வைத்திருந்தது. கடைசியில் இருந்தது: 'இதழினி தட்டியது. திரும்ப எடுத்தாச்சு.'

அரவாழி அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"அப்போ... இடம்? எந்த இடம்னு நீ இன்னும் சொல்லலியே!"

"சொல்றேன். இப்ப இவளை உங்க தளத்துல உட்கார வைக்கட்டுமா?"

அவர் மடிக்கணினியை வெடுக்கென்று மூடி, மார்போடு அணைத்துக்கொண்டார்.

உமையாள் மகளுக்கு அடுத்த வாய் ஊட்டினாள்.

அணைத்தபடியே நின்றவர், மெல்ல அதைக் கீழே வைத்தார். திறந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"இந்தக் கிட்டுக்கு முதல் வரி என்ன தட்டணும், சொல்லு."

சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் ஜெசிந்தாவைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"சாவி அனுப்பியிருக்கேன்மா."

"வேண்டாண்ணே. நான் மறுபடி கெடுத்துட்டா?"

"கெடும்மா. திங்கட்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது கெடுத்துக் காட்டு."