மனோவசிய நாற்காலி

மில் முதலாளி தாண்டவராயருக்குச் சர்க்கரை வியாதி. விருந்தாளிகளுக்காக மனைவி பூட்டி வைத்த அல்வாவோ தினமும் குறைந்தது. பழி சமையல்காரி அஞ்சலை மேல் விழுந்தது.

"மனோவசிய டாக்டரைக் கூப்பிடு! மயக்கத்துல எவளும் பொய் சொல்ல முடியாது" என்று முதலாளி மீசையை முறுக்கினார்.

டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார வைத்ததுமே அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள்.

"அல்வாவைத் தின்னது யாரு?" முதலாளியே கேட்டார்.

"ஐயாதான். இன்னைக்குக்கூட மிச்சத்தை ஜிப்பா பையில போட்டுக்கிட்டாரு."

"பொய்! மயக்கத்துல யாரு வேணா பொய் சொல்லலாம்!"

"வாஸ்தவம். விடமுடியாத பழக்கத்தை விடத்தான் மனோவசியம் உதவும்" என்றார் டாக்டர்.

மனைவி ஜிப்பா பைக்குள் கைவிட்டாள். விரலெல்லாம் நெய்.

அஞ்சலை கண்ணைத் திறந்து எழுந்து, நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

"உட்காருங்க ஐயா."