கொத்தவாலின் மூன்று சோதனைகள்

மணற்குன்றத்து ராஜா விசயராயருக்கு நீளமான வழக்கு என்றாலே பிடிக்காது. அன்று சனிக்கிழமை வேறு. ஊர்க்காவல் தலைவனான கொத்தவால் தாண்டவராயன், யானைப்பாகன் வேலப்பனைக் கையைக் கட்டி இழுத்து வந்து சபை நடுவே நிறுத்தினான். பாகன் கஞ்சா போதையில் யானை மேலேயே தூங்கி வழிந்தானாம். அரண்மனை வேலையில் இருப்பவன் போதையில் பிடிபட்டால் அன்றைக்கே வேலை போச்சு. அது ராஜா போட்ட சட்டம். காலியாகப்போகும் வேலைக்குக் கொத்தவாலின் மச்சினன் புது அங்குசத்தோடு வாசலிலேயே நின்றான்.

அதைப் பார்த்ததும் மந்திரி ஆளவந்தானுக்குச் சுர்ரென்று ஏறியது. சந்தையில் வெற்றிலைக் கூடை சுமந்து, ஏமாந்து, அடிபட்டு, பேரம் பேசியே சபைக்கு வந்த மனுஷன். சரக்கைப் பார்க்காமல் விலை சொல்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"போதைன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார்.

"மூணு சோதனை இருக்குங்க. கண்ணு சிவந்திருக்கணும். நூறு எண்ணுறதுக்குள்ள மூணு கொட்டாவி வரணும். கண்ணை மூடி ஒத்தக்கால்ல நின்னா சாயணும். மூணுலயும் இவன் மாட்டிக்கிட்டான். இது தப்பவே தப்பாது."

காலையில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகினேன், அதுதான் கண்ணைச் சுழற்றுகிறது என்று பாகன் அழாத குறையாகச் சொன்னான். பிடிபட்டவன் எல்லாம் சொல்கிற கதை என்று கொத்தவால் கையை உதறினான். பாகனுக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். இந்த வேலையை விட்டால் வேறு தொழில் தெரியாது.

ஆளவந்தான் ராஜாவைப் பார்த்தார். ஈரம் காயாத குடுமி. சிம்மாசனத்துப் பக்கமிருந்து சீயக்காய் வாசனை குப்பென்று வந்தது.

உடனே பேரத்தை ஆரம்பித்தார். சோதனை அவ்வளவு சுத்தமானதென்றால் பாகனோடு நிறுத்துவானேன், சபையில் எல்லோருக்கும் செய்யட்டும். மாட்டுகிறவர் யாரானாலும் வேலை காலி, தான் மாட்டினால் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கே போய்விடுவதாகச் சொன்னார். மந்திரி ஒழிவார் என்ற ஆசையில் கொத்தவால் வேகமாகத் தலையாட்டினான். சீக்கிரம் முடிந்தால் போய்ப் படுக்கலாமே என்று ராஜாவும் சம்மதித்தார்.

"அப்ப மேலே இருந்து ஆரம்பி," என்றார் ஆளவந்தான்.

கொத்தவால் சிம்மாசனத்தை நெருங்கினான். ராஜாவின் கண் இரண்டும் செம்பருத்தி. எண்ணினான், அறுபதுக்குள் நாலு கொட்டாவி. வேடிக்கையாக எழுந்து, கண்ணை மூடி, ஒற்றைக்காலைத் தூக்கிய ராஜா நேராக அவன் தோளிலேயே சாய்ந்தார். ராஜாவைத் தாங்கியபடியே கொத்தவால், அது எண்ணெய்க் குளியல், வெறும் எண்ணெய்க் குளியல் என்று முனகினான்.

"உன் சோதனைதான் தப்பவே தப்பாதே," என்றார் ஆளவந்தான். "ஒண்ணு, பாகன் கட்டை அவிழ்த்து விடு. இல்லேன்னா, சிம்மாசனம் காலின்னு ஊருக்குள்ள தமுக்கு அடிக்கச் சொல்லு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கொத்தவால் குனிந்து, தானே முடிச்சை அவிழ்த்தான். என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்க, சனிக்கிழமை சபையே வேண்டாம் என்றார் மந்திரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் ராஜா படுக்கப் போய்விட்டிருந்தார்.