சுளிமுகன் தோட்டத்துச் சீமைமாதுளை

மலைக்கு வாயும் மரத்துக்குக் காதும் இருந்த காலம் அது. ரொம்ப ரொம்ப முந்தி. மஞ்சுமலை என்றொரு ராஜ்ஜியம். அந்த மலை உச்சியிலே சுளிமுகன் என்றொரு மந்திரவாதி. புளியங்காயைக் கடித்தவன் மூஞ்சி எப்படி இருக்கும்? அதுதான் அவன் மூஞ்சி. சிரித்தாலும் சுளிப்பு, தூங்கினாலும் சுளிப்பு.

அவன் தோட்டம் முழுக்கச் சீமைமாதுளை மரங்கள். பேரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். உடைத்தால் முத்து முத்தாக உதிருமே, அந்த மாதுளை இல்லை இது. பேரிக்காய் மாதிரி இருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த நிறம், மேலே மெல்லிய சுணை. வாசம் மூன்று ஊர் தாண்டி வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். ஆனால் பச்சையாகக் கடித்தால் போச்சு. பல் இறங்காது. இறங்கினால் துவர்ப்பிலே நாக்கு மரத்துப் போகும்.

அந்தப் பக்கமாக ஒரு நாள் வண்டி நிறைய வெல்லம் ஏற்றிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மாரப்பன். வாய் ஓயாதவன், எதற்கும் அவசரம், வெந்நீரை அடுப்பிலிருந்தே குடிக்கப் பார்க்கிற ஆள். மற்றவள் அவன் பெண்டாட்டி பூவாத்தாள். கரும்பாலைக் கொட்டாயில் பாகு காய்ச்சுகிறவள். அந்தக் கொட்டாயில் ஒரு வழக்கம் உண்டு. பாகு இறங்கினதும் முதல் உருண்டை பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான். பகையாளி நின்றாலும் சரி, அவன் கேட்காமலே கொடுக்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

வாசம் வந்ததோ இல்லையோ, மாரப்பன் வண்டியிலிருந்து குதித்தான்.

"ஏனுங்க, யாரு தோட்டமோ, கேட்டுட்டுப் பறிங்க" என்றாள் பூவாத்தாள்.

கேட்டால் அவன் மாரப்பன் இல்லையே. பறித்தான், கடித்தான், தூவென்று துப்பினான். துப்பினது தரையில் விழுவதற்குள் அவன் கால் வேராயிற்று, கை கிளையாயிற்று. மரத்துக்குப் பின்னாலிருந்து சுளிமுகன் வந்தான்.

"வாசம் எனக்கு, வேர் உனக்கு" என்று கெக்கலித்தான். "இந்தத் தோட்டத்தில் நிற்கிற அத்தனை மரமும் என் பழத்தைத் துப்பின ஆட்கள்தான்."

"புள்ள, காலு நகர மாட்டேங்குது" என்றது மரம். மாரப்பன் குரலேதான்.

பூவாத்தாள் வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தாள். அழுதுகொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள். "சாமி, இந்த மந்திரத்துக்கு மாத்து என்னங்க?" என்று கேட்டாள்.

"என் பழத்தைத் தின்று யாராவது 'இன்னொரு துண்டு' என்று மனசாரக் கேட்டால் மந்திரம் ஒடியும். முந்நூறு வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. பொய்யாகக் கேட்டால் நீயும் மரம். நாளுக்கு ஒன்றாக மூன்று பழம் தருகிறேன். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தால் இவன் வேர் பாறையைத் தொடும். அப்புறம் இவன் மரமேதான்."

முதல் பழம் வந்தது. பூவாத்தாள் மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியை ஏற்றினாள். வெல்லம் போட்டாள். "தீயை ஏத்து புள்ள, சீக்கிரம், சீக்கிரம்" என்று மரம் கத்தியது. அவளும் பதறிப்போய் விறகைத் திணித்தாள். பாகு கருகிற்று. பழமோ உள்ளே கல்.

"வாசம் எனக்கு, வேர் உனக்கு" என்றான் சுளிமுகன்.

இரண்டாம் பழம். தீயைக் குறைத்தாள். ஆனால் மனசு அடங்குமா? வெந்ததா, வெந்ததா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்தாள், கிண்டினாள், மறுபடி கிண்டினாள். வெளிறிப்போன கூழ்தான் மிஞ்சியது. குச்சியால் தொட்டு நாக்கில் வைத்ததுமே வாய் கோணிற்று. துப்பாமல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"வாசம் எனக்கு, வேர் உனக்கு."

மாரப்பன் குரல் அதற்குள் தேய்ந்து, காதை மரத்தில் வைத்தால்தான் கேட்கிறது. "புள்ள, மரமா நின்னப்புறம்தான் எனக்கே தெரியுது. இது பூத்துப் பழுக்க ஆறு மாசம் ஆவுது. இதுகிட்ட அவசரம் செல்லாது. மூடி வெச்சிட்டுச் சும்மா இரு. கொட்டையத் தூக்கி எறிஞ்சிறாத, அதுலதான் பசை இருக்கு." அவசரக்குடுக்கை மாரப்பனா இதைச் சொன்னது? அவன்தான் சொன்னான்.

மூன்றாம் நாள். விடிந்ததும் பழத்தின் சுணையைத் துணியால் துடைத்தாள். மெல்லிசாக நறுக்கினாள். கொட்டையைத் துணியில் முடிந்து சட்டிக்குள்ளேயே போட்டாள். வெல்லம், தண்ணீர், மூடி. அடியில் தீ இல்லை, தணல் மட்டும். பிறகு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். திறக்கவே கூடாது என்று கைக்குக் காவல்.

வெயில் ஏறிற்று. திறக்கவில்லை. வெயில் தலைக்கு மேல் வந்தது. திறக்கவில்லை. வெயில் மேற்கே சரிந்தது. மாரப்பன் பேச்சு நின்றே போயிற்று. உச்சாணியில் ஒரே ஓர் இலை ஆடியது, அவ்வளவுதான். அப்போதும் திறக்கவில்லை.

"பொழுது சாயுது பெண்ணே" என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான் சுளிமுகன்.

சட்டியின் வாசம் மாறிற்று. பாகு காய்ச்சுகிறவள் மூக்கு தப்பு சொல்லாது. மூடியை எடுத்தாள். வெளிறின பழம் செக்கச்செவேல் என்று செம்பருத்தியாகக் கிடந்தது, பளபளவென்று பாகு சுற்றி.

முதல் துண்டை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறானே. மலை விளிம்பில் சூரியன் பாதிதான் பாக்கி. இருந்தாலும் பழகின கை கேட்குமா?

"இந்தாங்க சாமி, மொதத் துண்டு உங்களுக்கு."

"எனக்கா? உன் புருஷனை மரமாக்கின எனக்கா?"

"அடுப்புக்குப் பக்கத்துல நிக்கறவங்களுக்குக் குடுக்காம நாங்க திங்கறதில்லைங்க. சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். சின்ன வயசில் இந்தப் பழத்தைக் கடித்து முகம் சுளித்தபோது ஊரே சிரித்தது. அன்று சுளித்த முகம் விரியவே இல்லை. அதற்கப்புறம் ஒருத்தரும் அவன் கையில் எதையும் கொடுத்ததுமில்லை. வாயில் போட்டான். மென்றான். நெற்றியில் ஒரு சுருக்கம் அவிழ்ந்தது. கன்னத்தில் ஒன்று. மூக்கோரம் ஒன்று. கண்ணில் நீர் முட்டக் கையை நீட்டினான்.

"இன்னொரு துண்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

படபடவென்று தோட்டமே அதிர்ந்தது. வேரெல்லாம் காலாயிற்று, கிளையெல்லாம் கையாயிற்று. ராஜாவின் சேனாதிபதி ஒரு பக்கம், வளையல்காரன் ஒரு பக்கம், கூட்டம் கூட்டமாக ஆட்கள். தலையில் ஒற்றை இலையோடு மாரப்பன் ஓடி வந்தான். பூவாத்தாள் அப்போதுதான் அழுதாள், மூன்று நாள் அழுகையையும் சேர்த்து.

விஷயம் தெரிந்த ராஜா அந்தத் தோட்டத்தை அவளுக்கே எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு நாள் எறிந்த கொட்டைகளைப் பொறுக்கி ஊன்றி அவள் புது மரங்கள் வளர்த்தாள். சுளிமுகனுக்கு அங்கேயே வேலை. சட்டிக்குக் காவல் இருப்பது, யாரையும் மூடியைத் திறக்க விடாமல். அவனைச் சுளிமுகன் என்று கூப்பிட்டால் பழகாத பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் அந்தப் பேர் என்று கேட்டார்கள்.

அன்றைக்குச் சட்டியில் மிஞ்சின கடைசித் துண்டை மாரப்பன்தான் தின்றான். வாயாடி மாரப்பன் முதல் தடவையாகப் பேசாமல் மென்றான். பிறகு அவனும் கையை நீட்டினான்.

"பொறுங்க" என்று சிரித்தாள் பூவாத்தாள். "மரம் இருக்குது, அடுப்பு இருக்குது, என்ன அவசரம்?"

அவர்கள் அங்கே தின்றார்கள். வாசம் இங்கே நமக்கு வந்தது.