ஊற்றுக்கு மூன்று உறவுகள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில் இருந்த சொல்லே தேய்ந்துபோன பிள்ளை பிழைக்குமா? கேளுங்கள்.

வடதேசத்து மலையடியில் ஒரு வற்றாத ஊற்று. அதை முதலில் கண்ட மூதாய், ஓடும் தண்ணீரை 'அஹ்வா' என்றாள். பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் போனபோது, "என் வயிற்று வழியில் வந்து இந்தச் சொல்லை வாழவைக்கிறவருக்கே ஊற்று" என்று சொல்லிக் கண்மூடினாள்.

பல தலைமுறைக்குப் பிறகு, மூத்த மகள் வழியில் வந்த ராக்னா தன் ஆடுகளோடு அங்கே வந்து சேர்ந்தாள். அவள் ஊரில் ஆறு வறண்டுவிட்டது. இந்த ஊற்றும் கிடைக்காவிட்டால் ஊரையே காலிசெய்ய வேண்டும். வந்து பார்த்தால், ஊர்த்தலைவி கிசெலாவின் முன் இன்னும் இருவர் உரிமை கேட்டு நிற்கிறார்கள்.

தென்தேசத்துச் சீமாட்டி லூசியா முந்திக்கொண்டாள். "நாங்க இன்னைக்கும் தண்ணிய 'அக்வா'ன்னுதான் சொல்றோம். அப்படியே மூதாய் சொன்ன மாதிரி இல்ல? எங்க வம்சத்து மூத்தவளும் அவங்களும் கூடப் பிறந்தவங்களாச்சே!"

கடைசி மகன் வழியில் வந்த தீவுக்காரன் எட்மண்ட் சிரித்தான். "நாங்க தீவை 'ஐலண்ட்'னு சொல்றோம். அதோட முன்பாதி 'ஐ', மூதாயோட 'அஹ்வா'வுக்குப் பிறந்ததுதானாம். கோடிப் பேர் தினமும் சொல்றோம்! போன வாரம் ஒரு புலவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

கிசெலா ராக்னாவிடம் திரும்பினாள். "உங்க ஊர்ல ஆத்தை எப்படிம்மா சொல்லுவீங்க?"

"ஓ."

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. ஆத்துக்குப் பேரே 'ஓ'தான். எங்க பிள்ளைங்ககிட்ட அதைச் சொன்னா போதும், குடத்தைத் தூக்கிட்டு ஓடும்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ராக்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூதாய் கொடுத்த முழுச் சொல்லில் மிச்சம் இவ்வளவுதானா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஊற்று யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ராக்னாவுக்கு. லூசியாவின் சொல் கிட்டத்தட்ட அப்படியே இருந்தாலும், அவள் மூதாயின் உடன்பிறந்தவள் வழி. வயிற்று வழி இல்லை. எட்மண்ட் வாரிசுதான். ஆனால் அவன் ஊரார் வாயில் அந்தச் சொல் தண்ணீரை மறந்து நெடுநாளாகிறது. ராக்னாவின் சொல் தேய்ந்தது புழங்கியதால்தான்; தேய்ந்த பிறகும் அது தண்ணீரைத்தான் கூப்பிடுகிறது. கிசெலாவும் அப்படியே தீர்ப்புச் சொன்னாள்.

"ஒத்தை எழுத்துக்கு ஒரு ஊற்றா!" என்று முணுமுணுத்தாள் லூசியா.

ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டே ராக்னா சொன்னாள்: "தாகத்துல கத்துறவளுக்கு அதுக்கு மேல எங்கம்மா வாய் வரும்?"