எதிர்பார்க்காமல் படம் பார்த்த மன்றம்

கட்டையன்குளம் அதிரடி அரசு ரசிகர் மன்றத்தில் மொத்தமே நாலு பேர். தலைவர் பூவலிங்கம், செயலாளர் செல்லக்கனி, பொருளாளர் தவசிக்கண்ணு. மிச்சமிருந்த அந்தோணி, வெறும் உறுப்பினராக இருக்கச் சம்மதித்த பெருந்தன்மைக்காரர். நாலு பேர் மூளையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சங்கு அளவுகூடத் தேறாது. ஆனால் மனசு தங்கம்.

தங்கள் நடிகர் அதிரடி அரசுவின் படம் வந்தால் ஆகாசம் அளவு எதிர்பார்த்துப் போவார்கள். தொங்கிய முகத்தோடு திரும்புவார்கள். பூவலிங்கம் அதற்கப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சோறே தின்ன மாட்டார். அவர் மனைவி இசக்கியம்மாவுக்கு அலுத்துப்போச்சு.

“இந்தப் படத்துக்கும் போயிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தியன்னா, அன்னைக்கே மன்றத்தை இழுத்து மூடிருவேன்!”

மன்றம் நடந்ததே அவள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில்தான். மன்றம் போய்விட்டால் பூவலிங்கத்தைத் தலைவரே என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆளில்லை, பாவம்.

தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற மரியதாஸிடம் யோசனை கேட்டார்கள்.

“எதையும் எதிர்பார்க்காம வந்து உக்காருங்க. கண்டிப்பாப் பிடிக்கும்,” என்றார் அவர். மனுஷன் நல்லதுக்குத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்திருக்க வேண்டாமா?

“படம் நல்லா இருக்கும்னு நினைக்கக் கூடாது. அவ்வளவுதான?” என்றார் பூவலிங்கம்.

“அப்ப மோசமா இருக்கும்னு நினைச்சிக்கிடுவோம்,” என்றார் செல்லக்கனி.

“அதுவும் எதிர்பார்ப்புதானவே!” என்று தவசிக்கண்ணு மடக்கினார்.

கடைசியில் அந்தோணி வாயைத் திறந்தார்.

“படம் ஓடும்கிறதையே எதிர்பார்க்கக் கூடாது, அண்ணாச்சி.”

அடேயப்பா, என்ன மூளை! அதுவே தீர்மானமாயிற்று.

படத்தன்று பஸ்ஸையும் எதிர்பார்க்கக் கூடாதே என்று ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. மண்டை காயும் வெயிலில் நடந்தே போனார்கள். வரிசையில் நின்றால் டிக்கெட்டை எதிர்பார்த்ததாகிவிடும் என்று வாசலில் சும்மா உலாத்தினார்கள். பொறுக்க மாட்டாத மரியதாஸ்தான் டிக்கெட்டைக் கையில் திணித்து உள்ளே தள்ளிவிட்டார்.

உள்ளே போனால் அடுத்த சிக்கல். திரையைப் பார்த்து உட்கார்ந்தால் படத்தை எதிர்பார்த்ததாகாதா? ஆகும். எனவே முன்வரிசை பெஞ்சில் நாலு பேரும் திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

விளக்கு அணைந்தது. திரை வெளிச்சத்தில், நேர் எதிரே ஒரு தொப்பைக்காரர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். சண்டைச் சத்தம் வந்ததும் முறுக்கு வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. பாட்டு வந்தது, தலையாட்டினார். சோகக் காட்சியில் தேம்பித் தேம்பி அழுதார், அழுதுகொண்டே முறுக்கையும் கடித்தார். இப்படி ஒரு நடிப்பை நாலு பேரும் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்த பூவலிங்கம் சிரித்த முகத்தோடு இரண்டு தட்டு சோறு தின்றார்.

“அப்பேர்ப்பட்ட படமா? நாளைக்கு நானும் வாரேன்,” என்றாள் இசக்கியம்மா.

அங்கேதான் வந்தது வினை. மறுநாள் அவளையும் திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள்.

“இப்பப் பாரு, முறுக்கைக் கடிச்சிட்டே ஒரு அழுகை அழுவாரு பாரு!” என்று பூவலிங்கம் துள்ளினார்.

எதிரே இருந்ததோ தூங்கி வழிகிற ஓர் ஒல்லிப்பிச்சான். இடைவேளை வரைக்கும் குறட்டைதான்.

பூவலிங்கத்தின் முகம் தொங்க ஆரம்பித்தது. இசக்கியம்மா அதையே உற்றுப் பார்த்தாள். பதறிப்போன மன்றம் வாசலுக்கு ஓடியது.

“நேத்து நடிச்சவரைப் படத்துல இருந்து எதுக்குவே வெட்டினிய?” என்று மரியதாஸின் சட்டையைப் பிடித்தார் செல்லக்கனி. மரியதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்நேரம் பார்த்து, அடுத்த ஆட்டத்துக்குக் கையில் முறுக்குப் பொட்டலத்தோடு அந்தத் தொப்பைக்காரரே படியேறி வந்தார்.

“தலைவா!” என்று நாலு பேரும் பாய்ந்தார்கள். நடிகரின் கட்டவுட்டுக்கு ஊற்றக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்த பால் குடம் மொத்தமும் அவர் தலையில் கவிழ்ந்தது.

“ஏ கூறுகெட்டவனுவளா! எம் முறுக்கு போச்சே!” என்று அவர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதறி அழுதார்.

பின்னாலேயே வந்திருந்த இசக்கியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மன்றத்தை இவரு பேருக்கு மாத்துங்க, என்னையும் சேத்துக்கிடுங்க,” என்றாள். “யம்மாடி, என்னமா நடிக்காரு!”