கத்தாத காட்டுக்கு முதலிடம்

நாவல்காட்டில் விலங்குகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே ஒரே ஒரு பாடம்தான். புலி வந்தால் எப்படிக் கத்துவது, கத்தல் கேட்டால் எப்படி ஓடுவது. மந்திகள் மரத்தின் மேலிருந்து கற்றுக்கொடுக்கும். மான்கள் கீழே நின்று கற்றுக்கொள்ளும். உயிர் பிழைக்க இதைவிடப் பெரிய படிப்பு வேறென்ன வேண்டும்?

பதினோரு வருஷமாக அங்கே பாடம் நடத்தியது வெள்ளையம்மா என்ற மந்தி. கண் என்றால் அது கண்! நாணலுக்குள் புலியின் காது நுனி அசைந்தால் போதும், அது போடுகிற கத்தலில் ஆற்றங்கரையே காலியாகிவிடும். அதனிடம் படித்த மான் ஒன்றைக்கூட இதுவரை புலி தின்றதில்லை. இந்தப் பெருமையை வெள்ளையம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம், துணைவேந்தர் காதிலாவது விழுந்திருக்கும்.

துணைவேந்தர் ஒரு கடமான். கிளை கிளையாகக் கொம்பு. அவருக்கு இருந்த ஒரே கவலை அக்கரைதான். அங்கே மூங்கில்காட்டுப் பல்கலைக்கழகம் இருந்தது. போன வருஷத் தரவரிசையில் அதற்கு முதலிடம், நாவல்காட்டுக்கு ஏழாமிடம். அன்றிலிருந்து அவருக்குப் புல் இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் இருக்கிற வயிற்றில் வேறெதற்கு இடம்?

காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது மக்கள் தொடர்பு அதிகாரி நரி. தரவரிசைக் குழு மூன்று நாள் வந்து தங்குகிறது. அந்த மூன்று நாளில் எத்தனை முறை அபாயக் கத்தல் கேட்கிறது என்று எண்ணிப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதுகிறது. கத்தல் குறைந்தால் பத்திரமான காடு என்று மதிப்பெண் கூடும். போன வருஷம் மூங்கில்காட்டில் பூஜ்யம். நாவல்காட்டில் ஐந்து.

உடனே துணைவேந்தர் ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். இந்த முறை குழு இருக்கும்வரை ஒரு மந்தியும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மற்ற மந்திகள் தலையாட்டின. வெள்ளையம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஐயா, அஞ்சு தடவை கத்தினோம். அஞ்சு தடவையும் எல்லாரும் பிழைச்சோம். அதை அவங்க எழுதலாமே?"

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றது நரி.

துணைவேந்தர் கோபப்படவில்லை. தேன் தடவிய குரலில் பேசினார். பெயர் கெட்டால் யாரும் குட்டிகளை இங்கே கொண்டுவந்து சேர்க்க மாட்டார்கள், சேராத குட்டிகள் எங்கோ ஒரு காட்டில் கத்தக்கூடத் தெரியாமல் சாகும், அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். மூன்றே மூன்று நாள்தான் என்றார். வெள்ளையம்மா யோசித்தது. புலியைக் கண்டும் ஒரு மாதம் ஆகிறது. சரி, மூன்று நாள்தானே என்று அதுவும் ஒத்துக்கொண்டது.

குழு வந்தது. தலைவர் ஓர் இருவாச்சிப் பறவை. அதற்கு இவ்வளவு பெரிய அலகு, பார்வை மட்டும் மற்றவர்கள் காட்டுகிற பக்கம்தான் போகும். இரண்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் நரிக்கு ஒரு யோசனை வந்தது. அழகான மான்களாகப் பொறுக்கி எடுத்து, பயமே இல்லாமல் மேய்வதுபோல ஆற்றோரத்தில் நிறுத்தியது. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது மருக்கொழுந்து என்ற புள்ளிமான்.

மருக்கொழுந்து வெள்ளையம்மாவின் செல்ல மாணவி. ஒவ்வொரு வாய் புல்லுக்கும் முன்னால் ஒருமுறை தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கும். டீச்சர் சும்மா இருந்தால்தான் குனியும். அதற்கு அப்படித்தான் பாடம்.

நாணல் அசைந்தது. வெள்ளையம்மா பார்த்துவிட்டது. காது, நெற்றி, அப்புறம் மஞ்சளாக இரண்டு கண்.

கத்தல் தொண்டைக்குழி வரை வந்தது. மரத்தடியில் இருவாச்சியோடு நின்ற துணைவேந்தர் மேலே பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். வெள்ளையம்மாவின் கை தானாக வாயைப் பொத்தியது. தண்ணீர் குடிக்க வந்திருக்கும், குடித்துவிட்டுப் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பதினோரு வருஷத்தில் ஒரு புலியைப் பற்றியும் அது அப்படி நினைத்ததில்லை.

கீழே மருக்கொழுந்துக்கு ஏதோ வாடை அடித்தது. காதை விறைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தது. டீச்சர் கத்தவில்லை. கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கத்தவில்லை. அப்படியென்றால் ஒன்றுமில்லை. நிம்மதியாகத் தலையைக் குனிந்தது.

வெள்ளையம்மா வாயிலிருந்து கையை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது என்ன சலசலப்பு என்று இருவாச்சி கேட்டது. "பிள்ளைங்க விளையாடுறாங்க ஐயா. நீங்க இப்படி வாங்க, வாசல்ல கட்டின புது அலங்கார வளைவைப் பார்க்கலாம்!" என்று நரி அதை வாசல் பக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிற்று.

முடிவு வந்தது. இரண்டு காட்டிலும் கத்தல் பூஜ்யம். வாசல் வளைவு மூங்கில்காட்டு வளைவைவிட இரண்டு முழம் உயரமாக இருந்ததால் நாவல்காட்டுக்கு முதலிடம்! மேளம் என்ன, மாலை என்ன, துணைவேந்தரின் கொம்பில் பூச்சுற்ற இடமில்லை. அந்தக் கூட்டத்தில் மருக்கொழுந்தின் தாய் மகளைத் தேடி வந்தது. உங்கள் பெண் மேற்படிப்புக்கு வெளிக்காடு போயிருக்கிறது, பெருமைப்படுங்கள் என்றார் துணைவேந்தர். பதிவேட்டிலும் அப்படியே எழுதி, வெளியே போய் உயர்ந்த மாணவர்கள் கணக்கில் ஒன்றைக் கூட்டச் சொன்னார்.

வெள்ளையம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தாய்மானின் முன்னால் போய் நின்றது.

"பொய்ம்மா. புலி அடிச்சிருச்சு. நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்தேன், ஆனா கத்தவே இல்ல."

தாய்மான் அழவில்லை, திட்டவும் இல்லை. "ஏன் டீச்சர்?" என்று மட்டும் கேட்டது. முதலிடத்துக்காக என்று சொல்ல வெள்ளையம்மாவுக்கு நாக்கு கூசியது.

அன்றே வேலையை விட்டது. ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போயிற்று. ஒரு தடவைகூடக் கத்தாமலே மான்களைக் காப்பாற்றுகிறார்களே, அந்த வித்தை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் அதற்கு. மூங்கில்காட்டு வாசலில் வளைவு பளபளத்தது. ஒரு முள்ளம்பன்றி மட்டும் சருகு பெருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே புல் இடுப்புயரம் வளர்ந்து கிடந்தது, மேய ஒரு வாய் இல்லை.

"மானெல்லாம் எங்கே?"

"நாலு வருஷம் முந்தி கத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. போன வருஷத்தோட எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றது முள்ளம்பன்றி. "குழு மூணு நாளும் வாசல் வளைவடியிலேயே தங்கிட்டு அப்படியே திரும்பிடும். உள்ளே யார் வர்றா?"

வெள்ளையம்மா அங்கிருந்த மூங்கிலின் உச்சிக்குத் தாவி ஏறியது. தன் காட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. எதிர்க்கரையில் முதலிடத்துக்காக மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு மானும் தலையைத் தூக்கவில்லை.

வெளியே பெயர் வாங்குவதற்காக உள்ளே உண்மை சொல்லும் வாயை அடைக்கிற இடத்தில், முதலில் சாவது அந்த வாயை நம்பியவர்கள்தான்.