செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீர்

விருத்தாசலத்தில், ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு சின்ன தியான மன்றம் இருந்தது. ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு மின்விசிறிகள். அவற்றில் ஒன்று ஓடாது. காலையில் வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். கஞ்சிக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் பிறகு யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் தையலம்மாவிடம் கேட்கலாம்.

தையல்நாயகி என்ற தையலம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு அங்கன்வாடியில் சமைத்துக்கொண்டிருந்தவர். அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் சிவக்கொழுந்து. அறுபத்தைந்து. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை ‘ஐயா’ என்பார்.

சிவக்கொழுந்து வியாழக்கிழமைகளில் மட்டும்தான் மன்றத்துக்கு வருவார். அன்றைக்குத்தான் கீழ்வீட்டு சகாயமேரிக்கு வேலை விடுமுறை. சகாயமேரி இரண்டு மணி நேரம் மாடிக்கு வந்து அஞ்சலாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அஞ்சலாட்சி சிவக்கொழுந்தின் மனைவி. நான்கு வருடங்களாகப் படுக்கையில் இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை எல்லோரும் போன பிறகும் சிவக்கொழுந்து எழுந்திருக்கவில்லை. தையலம்மா கஞ்சி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்கய்யா?”

“ஒண்ணு கேக்கணும்மா.”

“கேளுங்க.”

“அலுப்புக்கு என்ன பண்றது?”

“தூங்குறது.”

“தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பும்மா.”

தையலம்மா நாரைக் கீழே வைத்தார்.

சிவக்கொழுந்துக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து சொல்லலாம். அஞ்சலாட்சியின் வலது பக்கம் மொத்தமாகப் போனது. பேச்சும் போனது. இத்தனை வருடம் பேசிய பேச்சில் ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ வாயில் தங்கிவிட்டது. பசித்தாலும் சரி. வலித்தாலும் சரி. மகள் ஓசூரிலிருந்து போனில் அழுதாலும் சரி. விடிந்தால் அவளைத் துடைக்க வேண்டும், புரட்டிப் போட வேண்டும், முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பவுடர் போட வேண்டும், இட்லியைப் பாலில் கரைத்து ஊட்ட வேண்டும். அது முடிவதற்குள் மறுபடி புரட்டும் நேரம் வந்துவிடும். இதையெல்லாம் தையலம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தார். மறுபடி சொல்வதே அலுப்பாக இருந்தது.

“வீட்ல ஒரு செம்பருத்தி இருக்கும்மா” என்றார்.

“சொல்லுங்க.”

“அடுக்குச் செம்பருத்தி. அவ நல்லா இருந்தப்ப யார் வீட்டுலயோ குச்சி ஒடிச்சிட்டு வந்து வச்சது. அவ பார்வையில இருக்கட்டும்னு கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளிய, கம்பிக்கு அந்தப் பக்கம் சட்டியைத் தூக்கி வச்சேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி ஊத்தணும். மாவுப்பூச்சி வேற. இலை இலையா துடைக்கணும். துடைச்சா மறுவாரம் திரும்ப வந்து நிக்கும். இருக்கிற வேலையில இது ஒண்ணாச்சும் குறையட்டும்னு விட்டுட்டேன். பதினாறு நாள் ஆச்சு.”

“குறைஞ்சுதா?”

“செடி சாகலைம்மா.”

தையலம்மா அவரைப் பார்த்தார்.

“சித்திரை வெயில். ஒரு சொட்டு மழை இல்ல. சட்டியில இருக்கிற செடி நாலு நாள்ல தலை தொங்கியிருக்கணும். இன்னைக்குக் காலைல மூணு பூ.” அந்தச் செடி தன்மேல் ஏதோ வன்மம் வைத்திருப்பதுபோலச் சொன்னார்.

“யாரோ ஊத்துறாங்க.”

“மாடியில நாங்க ரெண்டு பேர்தாம்மா. மேரி வியாழக்கிழமைதான் வரும். அதுகிட்ட கேட்டேன். செடிப் பக்கமே போகலைன்னுச்சு.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர் நீங்க.”

சிவக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. “அவளால புரண்டுகூடப் படுக்க முடியாதும்மா.”

“ம்” என்று சொல்லிவிட்டுத் தையலம்மா மறுபடி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார்.

வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார் சிவக்கொழுந்து. நாற்காலியில் தூங்கிப்போயிருந்த சகாயமேரி எழுந்து கிளம்பிப் போனாள். கட்டிலைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் மூண்டது. விரிப்பு ஜன்னல் ஓரமாக நனைந்திருந்தது. பத்துப் பதினைந்து நாட்களாக இதே கதைதான். குடிக்கட்டும் என்று ஜன்னல் திட்டில், இடது கைக்கு எட்டும்படி டம்ளரில் தண்ணீர் வைப்பார். அவள் குடிக்கும்போது சிந்திவிடுகிறாள். ஒரு நாளைக்கு இரண்டு விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. துவைக்க வேண்டியிருந்தது. “பாத்துக் குடிக்கக் கூடாதா?” என்று தினமும் திட்டினார். அவளும் தினமும் சரி என்றாள்.

போன வாரம் வந்த நர்ஸ் வேறு, கட்டிலோரம் குழாயோடு தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நிறம் ரொம்ப அடர்த்தியாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். “டம்ளர் டம்ளராக் குடிக்கிறாளே” என்று சிவக்கொழுந்து சொன்னார்.

விரிப்பை மாற்றினார். டம்ளரை நிரப்பித் திட்டில் வைத்தார். சோறு வடிக்கச் சமையலறைக்குப் போனவர், என்ன தோன்றியதோ, பாதியில் திரும்பி வந்து கதவுத் திரைக்குப் பின்னால் நின்றார்.

அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு இடது கை எழுந்தது. டம்ளரைப் பிடித்தது. உதட்டுக்கு வரவில்லை. நேராகக் கம்பிக்குப் போனது.

கம்பி இடுக்கில் டம்ளர் நுழையாது. அதனால் கம்பியின் மேலேயே வைத்துச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் சட்டிக்குள் விழுந்தது. பாதி கம்பியில் வழிந்து, திட்டில் ஓடி, விரிப்பில் இறங்கியது. கை நடுங்கியதும் டம்ளரை வயிற்றின்மேல் வைத்து ஓய்வெடுத்தாள். மறுபடி தூக்கினாள். மூன்று தடவை. டம்ளர் காலியானதும் விரலைக் கம்பி இடுக்கில் விட்டு, எட்டிய ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் தடவினாள். விரலில் ஒட்டிய வெள்ளையைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள்.

சிவக்கொழுந்து திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“குடிக்கக் குடுத்தா செடிக்கா ஊத்துற? நாக்கு வறண்டு செத்துப்போகணுமா? யாரு கேட்டா உன்னை? விரிப்பு துவைச்சுத் துவைச்சு என் கை…”

“சரி” என்றாள் அஞ்சலாட்சி.

அவர் நின்றார்.

“சரி, சரி.”

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டித் தட்டிச் சரி, சரி என்று சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வெயில் அடிக்கிறது போல என்று ஜன்னலைச் சாத்தினார். மறுபடி தட்டினாள். காற்று வேண்டுமோ என்று திறந்தார். மறுபடி தட்டினாள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். டம்ளரை நிரப்பி, அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, வாயில் வைத்தார். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு டம்ளர் கொடுத்தார். அதையும் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செடிக்கு இரண்டு செம்பு ஊற்றினார். பிறகு விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தார். நேற்று இருந்த அலுப்பு அப்படியே இருந்தது. இன்றைக்கு அதோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வியாழன்வரை பொறுக்க முடியவில்லை. போன் செய்தார்.

“அம்மா, அவதாம்மா ஊத்துறா. குடிக்கிற தண்ணிய.”

“நாளைக்குக் கஞ்சி முடிச்சிட்டு வர்றேன்” என்றார் தையலம்மா.

சொன்னபடி வந்தார். கையில் ஒரு பூவாளி. பிளாஸ்டிக்கில், குழந்தைகள் விளையாடுகிற அளவு, நீளமான மூக்கோடு. அதைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக வந்தார்.

“எப்படிக்கா இருக்கீங்க?”

“சரி.”

“சரின்னா நல்லாவா, மோசமாவா?”

அஞ்சலாட்சியின் இடது பக்கத்து உதடு கொஞ்சம் இழுத்துக்கொண்டது. சிரிக்கிறாள் என்று சிவக்கொழுந்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இந்த வீட்டில் அவளிடம் யாரும் கேலி பேசி வெகு நாளாகியிருந்தது.

தையலம்மா முழங்காலிட்டு, தன் தலையை அவள் தலையணையிலேயே சாய்த்து ஜன்னலைப் பார்த்தார்.

“ஐயா, இங்க வாங்க. இப்படிக் குனிஞ்சு பாருங்க.”

முதுகு வலியோடு சிவக்கொழுந்து குனிந்தார். ஜன்னல் கம்பி. இலைகள். இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. இரண்டும் வெளிச்சத்தைப் பார்த்து, தெருப் பக்கம் திரும்பி இருந்தன. கட்டிலிலிருந்து தெரிந்தது காம்பும் பூவின் முதுகும்தான்.

“பார்வையில இருக்கட்டும்னுதாம்மா வச்சேன்” என்றார்.

“தெரியும்.”

“நாலு வருசமா…”

“தெரியுதுங்கய்யா. சட்டியை ஒரு கை பிடிங்க.”

ஜன்னலின் வெளிப்பக்கம் போக மொட்டை மாடிப் படியில் ஏறி எட்ட வேண்டும். இருவருமாக எட்டிப் பிடித்துச் சட்டியைத் திருப்பினார்கள். கனமான சட்டி. சிவக்கொழுந்துக்கு மூச்சு வாங்கியது. உள்ளே வந்து பார்த்தபோது இரண்டு பூக்களும் அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தன. நல்ல சிவப்பு. அடுக்கடுக்காக, கசக்கிப் பிரித்த பட்டுத்துணி மாதிரி. அஞ்சலாட்சி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி என்றுகூடச் சொல்லவில்லை.

சிவக்கொழுந்தும் பார்த்தார். பூ அழகாகத்தான் இருந்தது. கால் வலித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“புது மொட்டெல்லாம் திரும்பவும் வெளிச்சத்தப் பாத்துதான் விரியும்” என்றார் தையலம்மா. “ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை திருப்பி வைக்கணும்.”

“அது வேற ஒரு வேலையாம்மா?”

“ஆமா. ஆனா தண்ணி ஊத்துறது இனி உங்க வேலையில்ல.”

பூவாளியில் பாதி அளவு தண்ணீர் பிடித்து அஞ்சலாட்சியின் இடது கையில் கொடுத்தார். மூக்கு கம்பி இடுக்கில் சுலபமாக நுழைந்தது. அவள் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் சட்டிக்குள் விழுந்தது. திட்டில் ஒரு துளி இல்லை. விரிப்பில் ஒரு துளி இல்லை.

“இது செடிக்கு. டம்ளர் உங்களுக்கு. மாத்தக் கூடாதுக்கா.”

“சரி” என்றாள் அஞ்சலாட்சி. பூவாளியை மறுபடி நீட்டினாள், நிரப்பச் சொல்லி.

தையலம்மா கிளம்பினார். வழியனுப்ப சிவக்கொழுந்தும் படி இறங்கி வந்தார். கீழே வாசலில் நிழல் இருந்தது. செருப்புக்குக் காலை நீட்டிய தையலம்மா, அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்து அப்படியே நின்றார்.

“அம்மா, உங்ககிட்ட முழுசாச் சொல்லல.”

“ம்.”

“அந்தச் செடியை விட்டேன் பாருங்க. அது வேலைக்காக மட்டும் இல்ல.” மாடியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு நாள் அவளைத் துடைச்சிட்டு இருந்தேன். இவ போய்ச் சேந்துட்டா தேவலையேன்னு நினைச்சேம்மா. அவ முகத்தைப் பாத்துக்கிட்டே நினைச்சேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்கு சாயங்காலத்துலருந்துதான் செடிக்கு ஊத்தல.”

தெருவில் ஒரு தள்ளுவண்டி போனது. அது போகும்வரை தையலம்மா காத்திருந்தார்.

“ஒரு நாள்தான் நினைச்சீங்களா?”

எத்தனை டம்ளர் அரிசி போட்டீர்கள் என்று கேட்கிற குரலில் கேட்டார். சிவக்கொழுந்து தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“எங்கம்மா ஆறு வருசம் படுக்கையில கிடந்தாங்க” என்றார் தையலம்மா. “எனக்குத் தினமும் வரும் அந்த நினைப்பு. குளிப்பாட்டி முடிக்கிற நேரத்துல சரியா வந்து நிக்கும்.”

“வந்தா?”

தையலம்மா குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டார்.

“தலை ஈரமா இருக்குமில்லங்கய்யா. துவட்டி விடுவேன்.”